மின்னோட்டத்தை வசப்படுத்திய மேதை

நுழையும்முன்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பணி முடித்து வீடு திரும்பும் தொழிலாளி, தம் மின் இருசக்கர வண்டியை வாசலில் நிறுத்தி மின்னேற்றியுடன் இணைக்கிறார். பூந்தமல்லிச் சாலையில் பகலெல்லாம் ஓடிய மின் ஆட்டோ, இரவில் ஓய்ந்து நின்று மறுநாளைக்கு வேண்டிய ஆற்றலைப் பெறுகிறது. ஆவடி வழியே செல்லும் புறநகர் மின்தொடர் வண்டி, தலைக்கு மேலுள்ள கம்பியிலிருந்து 25,000 வோல்ட் மாறுதிசை மின்னோட்டத்தைப் பெற்றுத் தனக்கு ஏற்ற வடிவில் மாற்றிக்கொண்டு விரைகிறது. இம்மூன்று இடங்களிலும் கண்ணுக்குப் புலப்படாமல் நிகழும் செயல் ஒன்றே: வருகின்ற மின்னைப் பயன்படும் மின்னாக மாற்றுதல். இம்மாற்றத்தைக் கணக்கிடும் வழியை உலகுக்குத் தந்தவர்களுள் முதன்மையானவர் சார்லஸ் புரோட்டியஸ் ஸ்டைன்மெட்ஸ். உடற்குறை, வறுமை, நாடிழந்த துயர் ஆகிய மூன்றையும் சுமந்து வந்த அவ்வறிஞரின் வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பிறப்பும் இளமையும்

அன்றைய பிரஷ்ய நாட்டின் பிரெஸ்லாவ் நகரில் 1865-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள் ஸ்டைன்மெட்ஸ் பிறந்தார். இன்று அந்நகரம் விராட்சுவாஃப் என்னும் பெயருடன் போலந்து நாட்டில் உள்ளது. அவருடைய தந்தை இரயில்வே துறையில் கல்லச்சுப் பணி செய்துவந்தார். குழந்தைக்கு ஓராண்டு நிறைந்த சிறிது காலத்தில் தாய் இறந்தார். பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்த அக்குழந்தைக்கு முதுகு கூனியிருந்தது. இடுப்பெலும்பும் பொருந்தி அமையவில்லை. தந்தைக்கும் பாட்டனாருக்கும் இருந்த குறையே பரம்பரையாக அவரையும் வந்தடைந்தது. முழு வளர்ச்சி பெற்ற பின்னும் அவருடைய உயரம் ஏறத்தாழ நான்கு அடியைத் தாண்டவில்லை.

உடல் வளராவிடினும் அறிவு வளர்ந்தது. 1883-ஆம் ஆண்டில் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து கணிதமும் இயற்பியலும் பயின்றார். உடன் பயின்ற மாணவர்கள் அவருக்குப் ‘புரோட்டியஸ்’ என்று பட்டப்பெயர் சூட்டினர். நினைத்தபோது நினைத்த வடிவம் எடுக்கவல்ல கடல் தெய்வமாகக் கிரேக்கப் புராணம் கூறும் பெயர் அது. கேலியும் அன்பும் கலந்து இடப்பட்ட அப்பெயரைப் பிற்காலத்தில் அவர் தம் சொந்தப் பெயராகவே ஏற்றுக்கொண்டார்.

அக்காலத்தில் ஜெர்மனியை ஆண்ட பிஸ்மார்க்கின் அரசு பொதுவுடைமைக் கருத்துகளைத் தடை செய்திருந்தது. உழைப்பவர் உரிமை பேசிய மாணவர் குழுவில் ஸ்டைன்மெட்ஸ் இணைந்திருந்தார். இதழாசிரியராக இருந்த நண்பர் சிறைப்பட்டபோது, அவ்விதழை நடத்தும் பொறுப்பையும் ஏற்றார். காவல்துறையின் பார்வை அவர்மேல் விழுந்தது. முனைவர் பட்ட ஆய்வை ஏறத்தாழ முடித்திருந்த நிலையில், 1888-ஆம் ஆண்டு பட்டத்தைப் பெறாமலே நாட்டைவிட்டு வெளியேறிச் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரை அடைந்தார். பிறந்த ஊரும் தந்தையும் பட்டமும் ஒருசேர அவரை விட்டு விலகின.

புதிய நாட்டின் வாயிலில்

சூரிச்சில் பொறியியல் பயின்ற ஸ்டைன்மெட்ஸ், ஆஸ்கர் ஆஸ்முசென் என்னும் நண்பருடன் 1889-ஆம் ஆண்டு கப்பலேறி நியூயார்க் துறைமுகத்தை அடைந்தார். அப்போது அவருக்கு வயது 24. கையில் பணம் இல்லை. ஆங்கிலம் சரளமாக வரவில்லை. உடலோ கூனிக் குறுகியிருந்தது. உழைத்துப் பிழைக்க இயலாதவர் பொதுமக்களுக்குச் சுமையாவார் என்று கருதிய குடிவரவு அலுவலர்கள், அவரைத் திருப்பி அனுப்ப எண்ணினர். ஆஸ்முசென் முன்வந்து, நண்பருடைய வாழ்வுக்குத் தாம் பொறுப்பேற்பதாக உறுதி கூறினார். அதன் பிறகே வாயில் திறந்தது.

உருவத்தை மட்டும் அளந்த அந்த நாளில், ஒரு நண்பரின் உறுதிமொழி கிடைத்திராவிடின் மின்பொறியியலின் வரலாறு வேறு வகையில் அமைந்திருக்கும்.

இரும்பு காட்டிய வழி

யாங்கர்ஸ் என்னும் ஊரில் ருடால்ஃப் ஐக்கெமையர் என்பவர் நடத்திய தொழிற்சாலையில் ஸ்டைன்மெட்ஸுக்கு வரைவாளர் வேலை கிடைத்தது. ஐக்கெமையரும் ஜெர்மனியிலிருந்து அரசியல் காரணமாகப் புலம்பெயர்ந்தவரே. இளைஞரின் கணிதத் திறமையை உணர்ந்த அவர், மின்பொறிகளை ஆராயும் பணியை அவருக்கு அளித்தார்.

அக்காலப் பொறியாளர்களை ஒரு சிக்கல் வாட்டியது. மாறுதிசை மின்னோட்டத்தால் இயங்கும் பொறிகளின் இரும்பு உள்ளகம் மிகுதியாகச் சூடேறியது. மின்னோட்டம் திசை மாறும்போதெல்லாம் இரும்பின் காந்தத் தன்மையும் திசை மாற வேண்டும். இரும்பு அம்மாற்றத்திற்கு உடனே இணங்குவதில்லை, சிறிது பின்தங்குகிறது. இப்பண்பே ‘காந்தத் தயக்கம்’ எனப்படுகிறது. ஒவ்வொரு முறை தயங்கும்போதும் சிறிதளவு ஆற்றல் வெப்பமாக வீணாகிறது. எவ்வளவு வீணாகும் என்பதைப் பொறியைச் செய்து, ஓட்டிப் பார்த்த பின்னரே அறிய முடிந்தது. கணிப்பு தவறினால் பொருளும் உழைப்பும் பாழாயின.

ஸ்டைன்மெட்ஸ் பலவகை இரும்புகளைச் சோதித்து அளவுகளைத் தொகுத்தார். காந்தப் பாய அடர்த்தியின் 1.6 அடுக்கிற்கு ஏற்ப இவ்விழப்பு மிகுகிறது என்னும் விதியைக் கண்டறிந்தார். அதாவது, காந்தப் பாய அடர்த்தி இரு மடங்கானால் இழப்பு ஏறத்தாழ மூன்று மடங்காகும். 1892-ஆம் ஆண்டு இவ்விதியை அமெரிக்க மின்பொறியாளர் கழகத்தின் முன் அவர் எடுத்துரைத்தபோது அவருக்கு வயது 26. அதன்பின், பொறியைச் செய்வதற்கு முன்பே தாளில் அதன் வெப்ப இழப்பைக் கணக்கிடும் நிலை உருவாயிற்று.

கற்பனை எண் தந்த விடை

அவ்வாண்டில் உருவான ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் ஐக்கெமையரின் தொழிற்சாலையை வாங்கியது. அதனுடன் ஸ்டைன்மெட்ஸின் பணியும் அந்நிறுவனத்திற்குச் சென்றது. 1894-ஆம் ஆண்டு முதல் நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடி நகரம் அவருடைய வாழிடமாயிற்று.

நேர்த்திசை மின்னோட்டத்தைக் கணக்கிடுவது எளிது. அதற்கு அளவு ஒன்றே உண்டு. மாறுதிசை மின்னோட்டமோ அலைபோல் ஏறி இறங்குவது. அதன் அளவோடு, எந்தக் கணத்தில் அது உச்சத்தை அடைகிறது என்னும் கட்ட நிலையையும் அறிய வேண்டும். ஒரு சிறு சுற்றினைக் கணக்கிடுவதற்கும் நீண்ட சமன்பாடுகளோடு பொறியாளர்கள் போராடினர்.

கணித வகுப்பில் மாணவர் பயிலும் கலப்பெண்களை ஸ்டைன்மெட்ஸ் இவ்விடத்தில் பயன்படுத்தினார். ஒரு கலப்பெண்ணுக்கு மெய்ப்பகுதி, கற்பனைப் பகுதி என இரு பகுதிகள் உள்ளன. ஆதலின் அலையின் அளவையும் கட்ட நிலையையும் ஒரே எண்ணில் அடக்கிவிடலாம். அதன் பிறகு கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகியனவே போதும். பயனற்ற கற்பனை என்று பலர் எண்ணியிருந்த எண், மின்நிலையங்களை வடிவமைக்கும் கருவியாயிற்று. 1893-ஆம் ஆண்டு சிகாகோவில் கூடிய பன்னாட்டு மின் மாநாட்டில் இம்முறை முன்வைக்கப்பட்டது. தொடக்கத்தில் அதனைப் புரிந்துகொண்டோர் சிலரே. மனம் தளராத அவர், 1897-ஆம் ஆண்டில் மாறுதிசை மின்னோட்டம் பற்றிய நூலை வெளியிட்டார். தொடர்ந்து பாடநூல்கள் பல எழுதினார். 1901-ஆம் ஆண்டில் அமெரிக்க மின்பொறியாளர் கழகம் அவரைத் தன் தலைவராக்கியது. பின்னர் யூனியன் கல்லூரி அவரைப் பேராசிரியராக ஏற்று முனைவர் பட்டமும் வழங்கியது. பிரெஸ்லாவில் கைநழுவிய பட்டம், பல்லாண்டுகள் கழித்துக் கடல் கடந்த நாட்டில் அவரை வந்தடைந்தது.

இரு திசையும் ஒரு திசையும்

மாறுதிசை மின்னோட்டத்தைத் தொலைவிடங்களுக்குக் குறைந்த இழப்புடன் அனுப்பலாம். ஆகவே நகரங்கள் அதனையே மிகுதியாக ஏற்றுக்கொண்டன. ஆயினும் மின்கலத்திற்கு அது ஒவ்வாது. மின்கலத்தில் ஆற்றல் சேர வேண்டுமானால் மின்னோட்டம் ஒரே திசையில் பாய வேண்டும். மாறுதிசை மின்னோட்டத்தை அப்படியே செலுத்தினால், ஒரு பாதி அலையில் சேர்வது மறு பாதியில் நீங்கிவிடும். வெப்பம் மிஞ்சுமேயன்றி ஆற்றல் சேராது.

அன்று சாலைகளில் ஓடிய மின்கார்களுக்கு இது பெரும் இடையூறாக இருந்தது. 1900-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் செய்யப்பட்ட கார்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மின்கார்களே. அவற்றை மின்னேற்ற, மாறுதிசை மின்னோட்டத்தால் ஒரு மோட்டாரைச் சுழற்றி, அதனுடன் இணைத்த நேர்த்திசை மின்னாக்கியிலிருந்து மின்னைப் பெற்றனர். சுழலும் அவ்விரு பொறிகளும் பேரொலி எழுப்பின; அவற்றைப் பராமரிக்க ஆள் வேண்டியிருந்தது. இல்லத்தின் கார்க் கொட்டகையில் வைத்துக்கொள்ள அவை ஏற்றவையல்ல.

1902-ஆம் ஆண்டு பீட்டர் கூப்பர் ஹெவிட் என்னும் அமெரிக்கர் பாதரச மின்திருத்தியைக் கண்டுபிடித்தார். காற்று நீக்கிய கண்ணாடிக் குமிழின் அடியில் பாதரசம் இருக்கும். மேலே இரு கிளைகளில் கரிமுனைகள் இருக்கும். குமிழைச் சற்றுச் சாய்த்து மின்வில்லைத் தொடங்கிவைத்தால், பாதரசத்திலிருந்து எலக்ட்ரான்கள் கரிமுனைகளை நோக்கிச் செல்லும், எதிர்த்திசையில் செல்வதில்லை. இரு கரிமுனைகளும் மாறிமாறிச் செயற்படுவதால், அலையின் இரு பாதிகளும் ஒரே திசை மின்னோட்டமாக வெளிப்படும். சுழலும் உறுப்பு எதுவுமின்றி, நீல ஒளி வீசிக்கொண்டு அக்குமிழ் தன் பணியைச் செய்தது.

ஸ்டைன்மெட்ஸும் அவருடைய நிறுவனத்தாரும் இக்கருவியை ஆராய்ந்து மேம்படுத்தினர். தெருவிளக்குகளுக்கு மாறா அளவுள்ள மின்னோட்டம் தரும் பாதரச மின்திருத்தி குறித்து ஸ்டைன்மெட்ஸ் ஆய்வுரை வழங்கினார். அந்நிறுவனம் மின்கார்களை மின்னேற்றுவதற்கான பாதரச மின்திருத்திகளையும் செய்து விற்றது. வீட்டிலேயே இரவில் காரை மின்னேற்றும் வழக்கம் இவ்வாறு நூறாண்டுகளுக்கு முன்பே தோன்றிவிட்டது.

வெல்லாத கனவு

மின்காரைப் பற்றிப் பேசியதோடு ஸ்டைன்மெட்ஸ் நின்றுவிடவில்லை. 1914-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட டெட்ராய்ட் எலெக்ட்ரிக் மின்கார் ஒன்றைத் தாமே பயன்படுத்தினார். அக்கார் இன்றும் யூனியன் கல்லூரியில் பாதுகாக்கப்படுகிறது. மின்கார்களை ஆதரித்து அவர் கூறிய காரணம் சிந்திக்கத்தக்கது. மாலையில் விளக்குகள் எரியும் வேளைக்கெனப் பெரிய மின்நிலையங்கள் கட்டப்படுகின்றன. நள்ளிரவுக்குப் பின் அவற்றின் பெரும்பகுதி பயனின்றிக் கிடக்கிறது. அந்நேரத்தில் கார்களை மின்னேற்றினால், புதிய நிலையம் கட்டாமலே மிகுதியான மின்னைப் பயன்படுத்தலாம், மின்கட்டணமும் குறையும்.

மின்கார்கள் விரைவில் பெருகும் என்று அவர் நம்பினார். அந்நம்பிக்கை பொய்த்தது. அன்றைய காரீய அமில மின்கலங்கள் மிகுந்த எடை உடையவை. சேமித்த ஆற்றலோ குறைவு. ஃபோர்டு நிறுவனம் 1908-இல் வெளியிட்ட பெட்ரோல் கார் ஆண்டுதோறும் விலை குறைந்துவந்தது. 1912-இல் பெட்ரோல் கார்களுக்கு மின்தொடக்கி வந்தபின், கைப்பிடியைச் சுழற்றி இயக்கும் தொல்லையும் நீங்கியது. 1920-ஆம் ஆண்டு வாக்கில் ஸ்டைன்மெட்ஸின் பெயரால் மின்வாகன நிறுவனம் ஒன்று தொடங்கப்பெற்றது. அது மின்சரக்கு வண்டிகளை உருவாக்கிய போதிலும் நெடுங்காலம் நிலைக்கவில்லை.

ஒன்று இங்கே கருதத்தக்கது. ஸ்டைன்மெட்ஸின் கணக்கில் பிழை இல்லை. மின்னை மாற்றும் கருவி ஆயத்தமாக இருந்தது. மாற்றிய மின்னைச் சேர்த்துவைக்கும் கலமே ஆயத்தமாகவில்லை. ஒரு கண்டுபிடிப்பு வெற்றி பெற, அதற்குத் துணையான பிற கண்டுபிடிப்புகளும் உடன்வர வேண்டும் என்பதை அவருடைய தோல்வி உணர்த்துகிறது.

இல்லமும் உள்ளமும்

தம் உடற்குறை அடுத்த தலைமுறையைத் தொடரக்கூடாது என்று கருதிய ஸ்டைன்மெட்ஸ் திருமணம் செய்துகொள்ளவில்லை. பெரிய வீட்டில் தனிமை அவரை வருத்தியது. தம் ஆய்வகத்தில் துணைபுரிந்த ஜோசப் ஹேடன் என்னும் இளைஞரையும் அவருடைய மனைவி கொரினையும் தம்முடன் வந்து வாழுமாறு அழைத்தார். பின்னர் ஹேடனைச் சட்டப்படி மகனாக ஏற்றார். அவ்வீட்டில் பிறந்த மூன்று குழந்தைகளும் அவருக்குப் பேரப்பிள்ளைகள் ஆயினர். அவர்களுக்குக் கதை சொல்வதிலும் வேதியியல் விந்தைகளைச் செய்துகாட்டுவதிலும் அவர் இன்பம் கண்டார். கோடையில் மோஹாக் ஆற்றில் சிறு படகில் மிதந்தபடி, குறுக்கே ஒரு பலகையை வைத்துக்கொண்டு கணக்குகளை எழுதுவது அவருடைய வழக்கம்.

இளமையில் கொண்ட சமத்துவக் கொள்கையையும் அவர் கைவிடவில்லை. ஸ்கெனெக்டடி நகரின் கல்விக் குழுத் தலைவராகப் பொறுப்பேற்று, புலம்பெயர்ந்தோர் பிள்ளைகளுக்கும் கற்றலில் பின்தங்கியோருக்கும் தனி வகுப்புகள் அமையப் பாடுபட்டார். துறைமுக வாயிலில் தடுத்து நிறுத்தப்பட்ட ஒருவர், பள்ளி வாயில் எக்குழந்தைக்கும் அடைபடாதிருக்க உழைத்தார்.

ஓடைக்கரையில் இருந்த அவருடைய குடில் மின்னலால் தாக்குண்டது. சிதைவுகளை அளந்து ஆராயத் தொடங்கிய அவர், 1922-ஆம் ஆண்டில் 1,20,000 வோல்ட் மின்னழுத்தத்தில் செயற்கை மின்னலை உருவாக்கிக் காட்டினார். மின்கம்பித் தொடர்களை இடியிலிருந்து காப்பதற்கு அவ்வாய்வு உதவியது. 1923-ஆம் ஆண்டு ஹேடன் குடும்பத்தாருடன் அமெரிக்காவின் மேற்குப் பகுதிகளைச் சுற்றிப் பார்த்துத் திரும்பிய ஸ்டைன்மெட்ஸ், அக்டோபர் 26-ஆம் நாள் இயற்கை எய்தினார். அப்போது அவருக்கு வயது 58. ஏறத்தாழ 200 காப்புரிமைகள் அவருடைய பெயரில் பதிவாகியிருந்தன.

இன்றைய மின்னேற்றியில்

அம்பத்தூரில் வீட்டுச் சுவரிலிருந்து மின் இருசக்கர வண்டிக்குச் செல்லும் மின்னின் பயணத்தைப் பின்தொடர்ந்தால், ஸ்டைன்மெட்ஸின் பணி எங்கே நிலைத்திருக்கிறது என்பது விளங்கும். வீட்டிற்கு வருவது 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டம். நொடிக்கு 50 சுற்றுகள் அலைவது. மின்னேற்றியில் முதலில் சிலிக்கான் டையோடுகள் அதனை ஒருதிசைப்படுத்துகின்றன. பாதரசக் குமிழ் செய்த பணியை இன்று நகத்தளவு சிலிக்கான் செய்கிறது. பின்னர் மின்னணுச் சாவிகள் அதனை நொடிக்குப் பல்லாயிரம் முறை துண்டித்து இணைத்து, ஒரு சிறிய மின்மாற்றியின் வழியே செலுத்துகின்றன. இவ்வளவு விரைவாக அலைவதால் மின்மாற்றி கையடக்கமாக அமைகிறது. மறுபுறம் வெளிப்படும் குறைந்த மின்னழுத்தம் மீண்டும் ஒருதிசைப்படுத்தப்பட்டு மின்கலத்தைச் சேர்கிறது. தொடக்கத்தில் மாறா மின்னோட்டமும், கலம் நிறையும் தறுவாயில் மாறா மின்னழுத்தமும் அளிக்கப்படுகின்றன. முழுமையாக நிறைந்த லித்தியம் கலத்தினுள் மேலும் மின்னைத் திணிப்பது ஆபத்து ஆதலின், இவ்வொழுங்கு இன்றியமையாதது.

அச்சிறு மின்மாற்றியின் ஃபெரைட் உள்ளகமும் காந்தத் தயக்கத்தால் சூடேறுகிறது. அவ்விழப்பைக் கணக்கிட, பொறியாளர்கள் இன்று கையாளும் சமன்பாடு ஸ்டைன்மெட்ஸின் பெயரையே தாங்கியுள்ளது. 1892-இல் இரும்பிற்குக் கூறிய விதியை, புதிய பொருள்களுக்கும் உயர்ந்த அலைவெண்ணுக்கும் ஏற்ப விரிவுபடுத்திக்கொண்டனர். மின்தேவை குறைந்த நேரத்தில் வண்டியை மின்னேற்ற வேண்டும் என்னும் அவருடைய கருத்தும் இன்று மீண்டும் உயிர்பெற்றுள்ளது. சூரிய மின்னாற்றல் பகலில் மிகுந்து கிடைக்கும் இக்காலத்தில் அதற்குரிய நேரம் மாறலாம், கருத்து மாறவில்லை.

ஸ்டைன்மெட்ஸ் ஏறிச் சென்ற மின்கார் அவர் காலத்திலேயே சாலையிலிருந்து மறையத் தொடங்கியது. அவர் தாளில் எழுதிய கணக்கோ மறையவில்லை. உழைக்க இயலாதவர் எனத் துறைமுக அலுவலர்கள் கருதிய அச்சிறிய மனிதரின் உழைப்பு, ஆவடியில் விரையும் தொடர்வண்டியிலும், பூந்தமல்லியில் இரவெல்லாம் மின்னேற்றம் பெறும் ஆட்டோவிலும் இன்றும் தொடர்கிறது.